வெள்ள நிவாரணமும் நம் கணக்குப் புத்தகமும்



வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்து மார்கழி வரை நீடிக்கிறது. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் ஆகிய பண்டிகைகளுக்கு நாம் சரக்குப் பிடித்து வைப்பதும் இதே மாதங்களில்தான். ஆகவே புயலோ வெள்ளமோ வரும்போது நம் கடைகளும் கிடங்குகளும் ஆண்டிலேயே அதிகச் சரக்கோடு இருக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2018 நவம்பரில் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் கஜா புயல். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் மீண்டும் சென்னையில் வெள்ளம். அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஏரல் கடைவீதியையே மூழ்கடித்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர் பக்கம் வந்தது.

ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்தவுடன் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கடைக்கு அரசாங்கம் என்ன கொடுக்கும்?" இந்தக் கேள்விக்கு நேரான பதிலை நாம் அறிந்துகொள்வது நல்லது. பதில் தெரிந்தால்தான் எதற்கு அலைய வேண்டும், எதற்கு அலைய வேண்டாம் என்பது விளங்கும்.

அரசின் பட்டியலில் கடை எங்கே?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலத்திலும் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. நம் மாநிலத்தைப் போன்ற பெரும்பாலான மாநிலங்களில் அதில் மத்திய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 25 விழுக்காடு. எந்தச் சேதத்திற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு மத்திய அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022 முதல் 2026 வரையிலான காலத்திற்கு வெளியான பட்டியலில், உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம், சமவெளியில் முழுமையாக இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000, கறவை மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000, கோழிக்கு ரூ.100 என்று கணக்கு இருக்கிறது. பயிர் 33 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தால் அதற்கும் கணக்கு உண்டு. மீனவரின் படகுக்கும் வலைக்கும் உண்டு. நெசவாளரின் கருவிக்கும் உண்டு. ஆனால் கடையில் அடுக்கி வைத்திருந்த ஒரு மூட்டை துவரம்பருப்புக்குக் கணக்கு கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்திற்கும், அதன்பின் தென்மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்கும் மாநில அரசு குடும்பத்துக்கு ரூ.6,000 கொடுத்தது. 2024-இல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ரூ.2,000 கொடுத்தது. இவை குடும்ப அட்டையைப் பார்த்துக் கொடுத்தவை. கடைக்காரரும் ஒரு குடும்பத் தலைவர் என்ற முறையில் அதைப் பெற்றார். கடைக்கு என்று கிடைத்தது கடன் வசதியும் கால அவகாசமுமே. 2023 வெள்ளத்திற்குப் பிறகு சிறு வணிகர்களுக்கு எளிய வட்டியில் சிறப்புக் கடன் அறிவிக்கப்பட்டது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யத் தவணை நீட்டிக்கப்பட்டது.

ஆக, கடைக்காரருக்குத் திறந்திருக்கும் வழிகள் நான்கு: காப்பீடு, வங்கித் தவணை மாற்றம், சிறப்புக் கடன், வரித் துறையின் அவகாசம். இந்த நான்கு இடங்களிலும் முதலில் கேட்பது ஒன்றே. "உங்களிடம் இவ்வளவு சரக்கு இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவருக்கு வழி உண்டு. முடியாதவருக்குக் குடும்ப அட்டை நிவாரணத்தோடு கதை முடிந்தது.

பில் இல்லாத சரக்கு

இதைச் சற்று வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம் தொழிலில் பில் இல்லாமல் சரக்கு எடுப்பது இன்னும் முழுவதும் ஒழியவில்லை. மூட்டைக்குப் பத்து இருபது ரூபாய் மிச்சம் என்று எடுக்கிறோம். வெள்ளம் வந்த அன்று அந்தச் சரக்கு நனைந்தது மட்டுமல்ல, காகிதத்தின்படி அது நம் கடையில் இருந்ததே இல்லை என்றாகிவிடுகிறது. ஆண்டு முழுவதும் மிச்சம் பிடித்த தொகையைப் போலப் பல மடங்கு ஒரே இரவில் போய்விடுகிறது.

பில்லோடு வாங்கியவருக்கு ஒரு தைரியம் உண்டு. கடையில் இருந்த பில் கட்டு முழுவதும் சேறாகிப் போனாலும், விற்றவர் ஜி.எஸ்.டி. கணக்கில் காட்டியிருந்தால் நாம் வாங்கிய விவரம் இணையதளத்தில் நம் பதிவு எண்ணின் கீழ் மாத வாரியாக இருக்கும். ஜி.எஸ்.டி.ஆர். 2பி என்ற அந்தப் பட்டியலை ஆடிட்டரோ கணக்கரோ எந்த ஊரிலிருந்தும் எடுத்துக் கொடுக்க முடியும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு கடைக்காரர்கள் தாங்கள் வாங்கும் மொத்தக் கடையிலிருந்து பில் நகலும் பேரேட்டு நகலும் வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீர் வடிந்த முதல் மூன்று நாள்

கடையைத் திறந்ததும் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் வாரித் தெருவில் கொட்டிக் கழுவி விடுவதுதான் நம் இயல்பு. அப்படிச் செய்தால் ஆதாரம் குப்பை வண்டியில் போய்விடும். ஆகவே கீழ்க்கண்டவற்றை இந்த வரிசையிலேயே செய்ய வேண்டும்.

1. மின்வாரிய ஆள் பார்த்துச் சொல்லும் வரை மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது. சரக்கு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

2. எதையும் நகர்த்துவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். வெளியில் பெயர்ப்பலகை தெரிய ஒன்று, சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய ஒன்று, உள்ளே ஒவ்வொரு அலமாரிக்கும் ஒவ்வொரு அட்டிக்கும் ஒன்று. குளிர்பதனப் பெட்டி, எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் கணினி ஆகியவற்றின் வரிசை எண் தெரியப் படம் எடுப்பது நல்லது. படங்களை உடனே வெளியூரில் உள்ள ஓர் உறவினருக்கு அனுப்பி வைத்தால் கைப்பேசி கெட்டாலும் படம் இருக்கும்.

3. ஒரு நோட்டில் சரக்கின் பெயர், மூட்டை அல்லது பெட்டி எண்ணிக்கை, வாங்கிய விலை என்று பட்டியல் எழுத வேண்டும். விற்பனை விலை போடக்கூடாது. பக்கத்துக் கடைக்காரர் இருவரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்லலாம்.

4. அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அதையே எழுத்திலும் அனுப்பி, புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைக்குக் கடன் கொடுத்த வங்கிக் கிளைக்கும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும்.

5. சர்வேயர் பார்க்கும் முன் சரக்கை அழிக்க வேண்டிவந்தால், சுகாதாரக் கேடு கருதி அழிப்பதாக நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, உணவுப் பாதுகாப்பு அலுவலர் அல்லது உள்ளாட்சிச் சுகாதார ஆய்வாளர் முன்னிலையில் அழித்துச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்று இல்லாவிட்டால், "சேதச் சரக்கை விற்றிருக்கலாமே" என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சாக்கடை கலந்த தண்ணீரில் நனைந்த அரிசியையும் பருப்பையும் காயவைத்து மாவுக்கும் தீவனத்துக்கும் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குச் சிறைத் தண்டனை உண்டு. அதைவிடப் பெரிது, நம்மிடம் வாங்குகிறவர்கள் அதே வெள்ளத்தில் நின்றவர்கள் என்பது.

மனு கொடுக்கும் முறை

சேதக் கணக்கெடுப்பு வருவாய்த் துறையின் வேலை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், ஆட்சியர் என்ற வரிசையில் அது மேலே போகிறது. வீடுகளைக் கணக்கெடுக்க வருகிறவர் பூட்டிய கடையைக் கடந்து போய்விடுவார். ஆகவே நாமே மனு கொடுக்க வேண்டும். மனுவில் கடையின் பெயர், கதவு எண், உள்ளாட்சி உரிம எண், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது, தண்ணீர் எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது, சேதச் சரக்கின் மதிப்பு ஆகியவை இருக்க வேண்டும். பட்டியலும் நான்கைந்து படங்களும் போதும். ஒப்புகைச் சீட்டும் தேதி முத்திரையும் இல்லாமல் திரும்பக்கூடாது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும். பின்னால் விசாரிக்க அது உதவும்.

"பட்டியலிலேயே கடை இல்லை என்றால் மனு எதற்கு?" என்று கேட்கலாம். சிறப்புக் கடன் அறிவிக்கப்படும்போது பாதிக்கப்பட்டவர் என்று காட்டவும், வங்கியில் தவணை மாற்றம் கேட்கவும், காப்பீட்டில் வழக்கு என்று வந்தால் காட்டவும் அந்த ஒப்புகைச் சீட்டே துணை. தனித்தனியாக மனு கொடுப்பதோடு, சங்கத்தின் சார்பில் தெரு வாரியாக ஒரே பட்டியல் தயாரித்து ஆட்சியரிடம் கொடுப்பதும் அவசியம். கடைவீதியின் மொத்த இழப்பு ஒரே எண்ணாகப் போனால்தான் மேலிடத்தில் உறைக்கும். பட்டியலில் ஒருவர் கூட்டி எழுதினாலும் மொத்தப் பட்டியலும் சந்தேகத்துக்கு ஆளாகும் என்பதை உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

உரிமம், பதிவுச் சான்று, ஆதார், பட்டா முதலியவை தொலைந்திருந்தால் காவல்துறையில் தொலைந்த ஆவண அறிக்கை பெற்று, இ-சேவை மையம் மூலம் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய வெள்ளத்துக்குப் பின் சிறப்பு முகாம் போட்டால் அங்கேயே முடித்துக்கொள்வது எளிது.

காப்பீடு: மூன்று கண்ணிகள்

சி.சி. கடன் வாங்கியிருக்கும் கடைக்காரர் பலருக்குத் தம் சரக்குக்குக் காப்பீடு இருப்பதே தெரியாது. வங்கியே பாலிசி எடுத்து நம் கணக்கில் பிரீமியம் பிடித்துக்கொள்கிறது. பாலிசி நகல் கேட்டு வாங்க வேண்டும். அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, முகவரி. பாலிசியில் கடை முகவரி மட்டும் இருந்து, சரக்கு பின் தெருக் கிடங்கில் இருந்தால் பணம் வராது. கிடங்கின் கதவு எண்ணும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்பது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி, ஓரிடத்தில் ரூ.5 கோடி வரை மதிப்புள்ள தொழிலுக்கானது. அதில் தீயோடு புயல், வெள்ளமும் அடங்கும். வேறு வகைப் பாலிசி என்றால் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, தொகை. பிரீமியம் குறையட்டும் என்று குறைத்துப் போடுவதே நம்மவர் பெரும்பாலோரின் வழக்கம். ஒரு கணக்குப் பார்ப்போம். கடையில் ரூ.10 லட்சம் சரக்கு, பாலிசி ரூ.5 லட்சத்துக்கு. வெள்ளத்தில் ரூ.4 லட்சம் சரக்கு போயிற்று. "பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறதே, 4 லட்சமும் வரும்" என்று நினைப்போம். வராது. பாதிக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறோம் என்பதால் நட்டத்திலும் பாதி, அதாவது ரூ.2 லட்சமே கணக்காகும். அதிலும் நம் பங்குத் தொகை கழியும். மேலே சொன்ன பாலிசியில் 15 விழுக்காடு வரை குறைவாக இருந்தால் இந்தக் கழிவு இல்லை. ஆகவே தீபாவளி, பொங்கல் காலத்தில் கையிலிருக்கும் உச்சச் சரக்கின் வாங்கிய விலைக்குப் பாலிசி எடுக்க வேண்டும்.

சர்வேயர் வந்தால் ஆதாரம் கேட்பதோடு, வங்கிக்கு நாம் மாதந்தோறும் கொடுத்த சரக்கு இருப்புப் பட்டியலையும் வாங்கி ஒப்பிடுவார். கடன் வரம்புக்காக அங்கே கூட்டி எழுதி, வரிக்காகக் கணக்கில் குறைத்து எழுதியிருந்தால், இரண்டில் எது உண்மை என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

நியாயமான தொகை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அதன் அலுவலகம் இருக்கிறது. தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் ரூ.50 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

வங்கியும் தவணையும்

இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்ட கடன்தாரர்களுக்கு வங்கிகள் செய்ய வேண்டியவை பற்றி ரிசர்வ் வங்கி 2018-இல் வழிகாட்டு நெறிகளைத் தொகுத்து வெளியிட்டது. தவணையை மாற்றியமைப்பதும், மீண்டும் தொழில் தொடங்கப் புதுக் கடன் கொடுப்பதும் அதில் இருந்தன. தற்போது நடப்பில் உள்ள விதி எது என்று கிளை மேலாளரிடமோ மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமோ கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதில் காலம் முக்கியம். தவணை தவறுவதற்கு முன் கடிதம் கொடுத்தவரை வங்கி ஒரு விதமாகப் பார்க்கிறது. மூன்று தவணை தவறிய பின் வருகிறவரை வேறு விதமாகப் பார்க்கிறது. வெள்ளத்துக்கு முன்பே பாக்கி நின்ற கணக்குக்குச் சலுகை கிடைப்பது கடினம். தவணை ஒத்திவைப்பு என்பது தள்ளுபடியும் அல்ல. ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும்.

2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வணிகரும் உத்யம் பதிவு பெறலாம். முன்னுரிமைக் கடனுக்கு அது பயன்படும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. 1989-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராவதையும் தள்ளிப்போடலாகாது. அதன் உதவிகள் உறுப்பினருக்கே.

வரிக் கணக்கில் ஒரு கவனம்

2023 வெள்ளத்தின்போது நவம்பர் மாத 3பி கணக்கைத் தாக்கல் செய்ய, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு டிசம்பர் 27 வரையும், திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு 2024 ஜனவரி 10 வரையும் அவகாசம் தரப்பட்டது. இத்தகைய அறிவிப்பு மாவட்டத்தின் பெயர் சொல்லி வருவது. நம் மாவட்டம் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் "எல்லாருக்கும் தள்ளிவைத்துவிட்டார்கள்" என்று இருந்துவிடக்கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அழிந்துபோன சரக்குக்கு நாம் ஏற்கெனவே எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ரூ.2 லட்சம் மதிப்புள்ள, 5 விழுக்காடு வரியுள்ள சரக்கு அழிந்தால் ரூ.10,000 திருப்ப வேண்டும். அப்படித் திருப்பிய தொகைக்கு ஆடிட்டர் சான்று பெற்று, காப்பீட்டு நட்டக் கணக்கில் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சரக்கு இழப்பை வருமான வரியில் வியாபார நட்டமாகக் காட்டலாம். ஆண்டு முழுவதற்கும் நட்டம் என்றால் உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தவருக்கு அதை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுசெல்ல வழி உண்டு.

மொத்த வியாபாரிகளின் பங்கு

மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் இதில் வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்க முடியாது. சில்லறைக் கடைக்காரரின் பற்று நோட்டு நனைந்தால் அவருக்கு வரவேண்டியது போகிறது. அவரிடமிருந்து எங்களுக்கு வரவேண்டியதும் அதோடு ஆடுகிறது. வெள்ளம் வடிந்த வாரத்தில் பாக்கிக்கு ஆள் அனுப்புவதைவிட, கடந்த ஆறு மாத பில் நகலையும் முத்திரையிட்ட பேரேட்டு நகலையும் அவர் கையில் கொடுப்பது மேல். அந்தக் காகிதத்தை வைத்து அவர் காப்பீடும் கடனும் வாங்கினால்தான் பழைய பாக்கி வசூலாகும். பழைய பாக்கியைத் தனியே எழுதி வைத்து நாள் கொடுத்துவிட்டு, புதுச் சரக்கைச் சிறிய அளவில் கொடுத்துக் கடையைத் திறக்க வைப்பது எங்களுக்கும் இலாபமே. மூடிய கடையிலிருந்து எந்தப் பாக்கியும் வந்ததில்லை.

ஆயுத பூஜைக்கு ஒரு வேலை

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று கணக்குப் புத்தகத்துக்கும் தராசுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மழை பிடிப்பதற்குச் சில நாள் முன்பாகவே அந்த நாள் வருகிறது. அன்று பூஜை முடிந்ததும் இவற்றைச் செய்துவிடலாம்: சரக்கு இருப்பை எண்ணி எழுதுதல், பாலிசியின் முகவரி, தொகை, முடியும் தேதி பார்த்தல், உரிமங்கள், பாலிசி, பற்று நோட்டின் பக்கங்கள் ஆகியவற்றைப் படம் எடுத்து வெளியூரில் ஒரு பிரதி வைத்தல், அடி வரிசை மூட்டைகளைத் தரையில் வைக்காமல் கட்டை போட்டு உயர்த்துதல், விலை கூடிய சரக்கை மேல் அலமாரிக்கு மாற்றுதல். அரை நாள் வேலை.

கடைச் சரக்கையும் நிவாரணப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சங்கங்கள் தொடர்ந்து கேட்க வேண்டியது நியாயம். சிறு கடைக்காரரின் முதல் என்பது அவருடைய அலமாரியில் இருக்கும் சரக்குதான். உழவருக்குப் பயிர் எப்படியோ அப்படி. அந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு கடையிலும் எவ்வளவு போயிற்று என்று பில்லோடு காட்ட நம்மால் முடிய வேண்டும். முடிந்தால் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். அதற்கான கணக்கை மழைக்கு முன்பே எழுதத் தொடங்குவோம்.